இருந்தவரைக் கண்டுபிடித்த கதை

அரிக்கமேட்டுக்குப் போகிறவர் கண்ணில் முதலில் படுவன, மரங்களுக்கிடையே இடிந்து நிற்கும் செங்கல் தூண்களும் சுவர்களுமே. புதுச்சேரி நகருக்குச் சில கிலோமீட்டர் தெற்கே, அரியாங்குப்பம் ஆறு கடலை நெருங்கி வளையும் இடத்தில் இருக்கிறது அந்த மேடு. வெளியூரிலிருந்து வருவோர் தூண்களை அண்ணாந்து பார்த்து, ஈராயிரம் ஆண்டுப் பழைமை இதுதான் என்று எண்ணி நிற்கின்றனர். பள்ளிப் பிள்ளைகளும் அவ்வாறே எண்ணித் திரும்புகின்றனர். உண்மையில் அவை 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பாதிரிமார் நடத்திய குருமடத்தின் எச்சங்கள். கல்லிலும் கண்ணாடியிலும் மணி செய்து கடல் கடந்து விற்ற மக்களின் பழைய ஊர் அவற்றின் அடியில் மண்ணுக்குள் கிடக்கிறது. நம் பிள்ளைகள் படிக்கும் வரலாறும் நெடுங்காலமாக இந்த மேட்டைப் போலவே இருந்து வருகிறது. பின்னால் வந்தவர் எழுப்பியது கண்ணுக்குத் தெரிகிறது. முன்பே இருந்தவரைத் தோண்டித்தான் காண வேண்டியிருக்கிறது.

‘கண்டுபிடித்தல்’ என்னும் சொல்லை நாம் ஒருமுறை நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். தொலைந்த பொருளைக் கண்டுபிடிப்பர். களவு போனதைக் கண்டுபிடிப்பர். இதுவரை இல்லாத கருவியொன்றைக் கண்டுபிடிப்பர். மக்கள் உண்டு உறங்கி, பிள்ளை பெற்று, தெய்வம் தொழுது வாழும் ஓர் ஊரை ஒருவன் கண்டுபிடித்தான் என்று சொல்லத் தமிழில் இயல்பான இடமே இல்லை. அயலூருக்குப் போனவன் போய்வந்தேன் என்பான். ஆயினும் கொலம்பசு அமெரிக்காவைக் கண்டுபிடித்தார் என்று மூன்று தலைமுறையாக நாம் மனப்பாடம் செய்து ஒப்பித்து வருகிறோம். 1492இல் அவர் கரையேறிய தீவுகளை இந்தியா என்று தவறாகக் கருதி, அங்கிருந்தோரை இந்தியர் என்றார். அந்தத் தவற்றின்மேல் ஒரு நிறத்தையும் ஏற்றிச் ‘செவ்விந்தியர்’ என்று நம் பாடநூல்கள் எழுதின. தமக்கெனப் பெயர்கள் உடைய நூற்றுக்கணக்கான இனத்தாரை, அவருடையதும் அல்லாத, நம்முடையதும் அல்லாத ஒரு பெயரால் நாமும் அழைத்தோம். இது தமிழெழுத்தில் நேர்ந்த குற்றம். நாம்தான் திருத்த வேண்டும்.

இந்தியாவுக்குக் கடல்வழி கண்டுபிடித்தார் என்று நாம் படித்த வாஸ்கோ ட காமாவின் கப்பல்கள் 1498இல் கோழிக்கோட்டை அடைந்தபோது, முதலில் கரைக்கு அனுப்பப்பட்டவனை எதிர்கொண்டவர்கள் டூனிசு நாட்டு வணிகர் இருவர். அவர்கள் அவனோடு ஐரோப்பிய மொழியிலேயே பேசினர் என்று அந்தப் பயணக் குறிப்பே கூறுகிறது. அரபிக் கடலின் வழியறிந்த மாலுமி ஒருவர் ஆப்பிரிக்கக் கரையிலிருந்து அவர்களை அழைத்துவந்திருந்தார். வழி முன்பே இருந்தது, வழிகாட்டியும் இருந்தார், வந்தவரை அவர் மொழியிலேயே விசாரிக்க ஆளும் இருந்தனர்.

இது வெறும் சொல்லைப் பற்றிய வழக்காயின் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. ‘கண்டேன்’ என்றவனுக்கு ‘கொண்டேன்’ என்று சொல்லும் உரிமையும் சட்டப்படி வந்து சேர்ந்தது. 1493ஆம் ஆண்டு மே 4 எனத் தேதியிட்ட ஆணையொன்றில், போப் ஆறாம் அலெக்சாந்தர் அட்லாண்டிக் கடலில் ஒரு கோடு கிழித்து, அதற்கு மேற்கே காணப்படும் நிலங்களை ஸ்பெயின் அரசுக்கு அளித்தார். மறு ஆண்டே போர்த்துக்கல்லும் ஸ்பெயினும் டோர்டெசில்லாசு உடன்படிக்கையால் அக்கோட்டை நகர்த்தி உலகத்தைப் பங்கிட்டுக்கொண்டன. 1823இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அம்மண்ணின் மக்களுக்கு அதில் குடியிருக்கும் உரிமை உண்டு, உடைமையுரிமை கண்டுபிடித்த அரசுக்கே என்று தீர்ப்பளித்தது. ஆஸ்திரேலியா ஆளில்லா நிலம் என்ற கற்பனையை அந்நாட்டு உயர் நீதிமன்றம் தள்ளியது 1992இல்தான். அதற்கு மாபோ என்னும் தீவு மனிதர் தம் தோட்டத்துக்காகப் பத்தாண்டு வழக்காட வேண்டியிருந்தது. தீர்ப்பு வருவதற்குள் அவர் இறந்தும் போனார். கண்டவனுக்கே நிலம் என்னும் இக்கோட்பாடு திருச்சபையின் போதனை அன்று என்று வத்திக்கான் வெளிப்படையாகக் கைவிட்டது 2023 மார்ச் 30ஆம் நாள். இடையில் ஓடியவை 530 ஆண்டுகள்.

நம் புதுச்சேரி இந்தக் கதையில் எங்கே நிற்கிறது? 1674இல் பிரெஞ்சுக் கும்பினியின் பிரான்சுவா மர்த்தேன் ‘நிறுவிய’ நகரம் என்றே சுற்றுலாக் கையேடுகள் நம்மை அறிமுகம் செய்கின்றன. அந்நிலம் ஆளற்றதாக இருந்திருந்தால் மர்த்தேனின் கும்பினியார் இங்கே வந்திருக்கவே மாட்டார்கள். அவர்கள் வந்தது துணிக்காக. நெய்வோர் இருந்தனர், சாயமிடுவோர் இருந்தனர், துறை இருந்தது, ஆகவே வந்தனர். வாலிகண்டபுரத்திலிருந்து இப்பகுதியை ஆண்ட, பீசப்பூர் சுல்தானின் ஆளுநர் ஷேர்கான் லோடியிடம் இசைவு பெற்றுத்தான் குடியேறினர். அவர்களுக்கு முன்பே டேனியர் இங்கே வாணிகம் செய்திருந்தனர். இன்று பிரெஞ்சு அழகு என்று வியக்கப்படும் நேர்நேரான தெருக்களின் திட்டம்கூட, 1693 முதல் 1699 வரை ஊரைப் பிடித்துவைத்திருந்த ஒல்லாந்தர் வரைந்தது என்பதைப் பிரெஞ்சு அறிஞர் ழான் தெலோஷே பழைய வரைபடங்களைக் கொண்டு காட்டியிருக்கிறார். நகரின் தென்மேற்கே வாகூரில், ஒன்பதாம் நூற்றாண்டுப் பல்லவர் காலத்தில் கல்விக்கூடத்துக்கு ஊர்களையே தானமாக விட்ட செப்பேடு கிடைத்துள்ளது. கல்லூரி இருந்த மண்ணுக்கு 1674 எப்படிப் பிறந்த ஆண்டாகும்?

இன்னும் பின்னே போனால், கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட எரித்திரேயக் கடல் பெரிப்ளூசு என்னும் வாணிகக் கையேடு, இக்கரையின் துறைகளுள் ஒன்றைப் பொதுகே என்று குறிக்கிறது. அதைப் புதுச்சேரிப் பகுதியெனவே அறிஞர் பெரும்பாலோர் கொள்வர். அந்நூலை எழுதிய வணிகன் எதையும் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ளவில்லை. உள்ளூரார் தம் துறைக்கு வழங்கிய பெயரைக் காதில் விழுந்தவாறு எழுதினான். அவர்கள் ஓட்டிய மரக்கலங்களின் வகைகளையும் அவர்கள் சொன்ன பெயராலேயே குறித்தான். வணிகனுக்குத் தெரிந்த இந்த மரியாதை பின்னால் வந்த பேரரசுகளுக்குத் தெரியாமல் போயிற்று.

அரிக்கமேட்டின் கதையையே எடுத்துக்கொள்வோம். வெள்ளிக் கோள் கதிரவனைக் கடப்பதைக் காணப் பிரான்சிலிருந்து வந்த வானியலாளர் லெ ழாந்தி, 1768இல் புதுச்சேரியை அடைந்தார். மறு ஆண்டு சூன் 4ஆம் நாள் காலை, அவர் எட்டாண்டு காத்திருந்த அந்த நேரத்தில், வானத்தை மேகம் மூடிக்கொண்டது. அவருடைய துயரம் உலகறிந்தது. ஆயின் அவர் வேறு சிலவற்றை இங்கே கண்டார். சோழிகளைத் தரையில் பரப்பி, மனப்பாடமான வாய்பாடுகளைக் கொண்டு கிரகணம் கணிக்கும் தமிழரிடம் அமர்ந்து அம்முறையைக் கற்றார். 1765 ஆகஸ்டு 30இன் சந்திர கிரகணம் நீடித்த நேரத்தைத் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைத்துச் சொன்னது; ஐரோப்பாவில் சிறந்ததெனப் போற்றப்பட்ட மேயரின் பட்டியல் 68 விநாடி கூட்டிச் சொன்னது. இதை மறைக்காமல் எழுதிவைத்த அவருடைய நேர்மையை நாம் வணங்குகிறோம். அரிக்கமேடு இருக்கும் வீராம்பட்டினத்தருகே ஆற்றங்கரையில் பெரிய பழஞ்செங்கற்களை ஊரார் பெயர்த்தெடுப்பதையும் அவர் பார்த்தார். என்ன இது என்று வினவினார். வீரராகவன் என்னும் அரசனின் பழைய கோட்டை என்றனர் ஊரார். அரசன் பெயர் சரியோ பிழையோ, தாம் நிற்பது ஒரு பழைய ஊரின் மேல் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தவர் சொன்னார், கேட்டவர் எழுதினார். எழுதியவர் பெயர் மட்டும் நின்றது.

1937இல் பிரெஞ்சுப் பேராசிரியர் ழூவோ துப்ரே அம்மேட்டின்பால் கவனம் திருப்பியதற்கும் அங்கே திரிந்த பிள்ளைகள் பொறுக்கிக் கொடுத்த மணிகளே தூண்டுதல். மழை பெய்து மண் கரைந்தால் அங்கே சிவப்பும் நீலமும் பச்சையுமாகச் சிறு மணிகள் மேலே வரும். கடுகினும் சற்றே பெரியவை, நடுவே ஊசித்துளை. அந்தத் துளையை இடக் கற்றவன் யார், எத்தனை தலைமுறையாகக் கற்றான் என்று கேட்டால் மேட்டின் கதை ஒரு திசையில் போகும். கிடைத்த கல்லொன்றில் பொறித்திருப்பது உரோமப் பேரரசன் அகஸ்டசின் தலையா என்று கேட்டால் வேறு திசையில் போகும். உலகம் இரண்டாவது கேள்வியையே கேட்டது. 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தார். முந்தைய ஆண்டு சென்னை அருங்காட்சியக அலமாரியில் ஓர் உடைந்த மதுச்சாடித் துண்டைக் கண்டதிலிருந்தே தம் கதையை அவர் தொடங்கினார். தென்னாட்டுத் தொல்லியலுக்குக் காலக்கணக்கு வகுத்துத் தந்த பெருமை அவருக்கு உண்டு. அதை மறுப்பது நன்றி கொல்வதாகும். ஆயினும் எளிய மீனவர் குப்பமொன்று உரோமச் சரக்கு வந்து இறங்கியதும் விழித்துக்கொண்டது என்பதே அவர் தீட்டிய சித்திரம். அவர் அயல்நாட்டுச் சரக்கெனக் கருதிய உருளை வரிப்பாண்டங்கள் இந்திய மண்ணில் வனைந்தவை என்று பிற்கால ஆய்வு காட்டியது. 1989 முதல் 1992 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து மீண்டும் அகழ்ந்த விமலா பெக்லி, உரோமருக்கு முன்பே அங்கே ஊர் இருந்தது, அவர் வரவு நின்ற பின்னும் இருந்தது என்று நிறுவினார். அகழ்வில் கிடைத்த ஓடுகளில் தமிழி எழுத்தில் பெயர்களைக் கீறிவைத்த மக்கள், தம்மை யாரேனும் கண்டுபிடிப்பார் என்று காத்திருந்தவர்களாகத் தெரியவில்லை.

இதுவரை சொன்னதில் குற்றமெல்லாம் ஐரோப்பியர்மேல் விழுந்தது. அவ்வளவோடு நிறுத்திக்கொண்டால் இந்தத் தலையங்கம் பாதி உண்மையாகிவிடும். நாம் யாரைக் கண்டும் காணாமல் இருந்தோம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

புதுச்சேரியின் ஏரிக்கரைகளிலும் வயல் வரப்புகளிலும் செங்கல் சூளைகளிலும் ஆற்றுக் கழிமுகங்களிலும் இருளர் என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். அறுவடை முடிந்த வயலில் இருளர் ஒருவர் வரப்போரம் நடப்பதைப் பார்த்தவர்களுக்கு அவர் கல்வி எத்தகையதென்று தெரியும். நமக்கு எல்லாப் பொந்தும் ஒரே பொந்து. அவர் குனிந்து வாயிலின் மண்ணை விரலால் தொட்டு, இது எலி போன வழி, இது எலியைத் தேடிப் பாம்பு நுழைந்த வழி என்று பிரித்துவிடுவார். மண் வழுவழுப்பாக இருக்கிறதா, எச்சம் கிடக்கிறதா, சட்டை உரிந்த துணுக்கு ஒட்டியிருக்கிறதா என்பதெல்லாம் அவருக்கு எழுத்து. கடப்பாரையால் எங்கே குத்தினால் எலி சேர்த்துவைத்த நெல் கிடைக்குமென்று அறிவார். வளைவாயிலில் சட்டி வைத்து ஊதும் புகை அவர் நெஞ்சையும் கெடுக்கும். அன்றைக்கு உலை கொதிக்க வேறு வழியில்லை.

1954இல் புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியிலிருந்து நீங்கியது. 1962இல் அது சட்டப்படி நிறைவுற்றது. 1964இல் இங்குள்ள பட்டியல் சாதியினருக்கு ஆணை வந்தது. பட்டியல் பழங்குடியினர் என்று ஓர் ஆணை வரவே இல்லை. அண்டையில் விழுப்புரத்திலும் கடலூரிலும் பழங்குடியினரான அதே இருளர், எல்லைச் சாவடியைத் தாண்டி இப்பக்கம் வந்தால் சட்டத்தின் கண்ணில் பழங்குடியினர் அல்லர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் புதுச்சேரியின் பழங்குடியினர் எண்ணிக்கை சுழியம். வில்லி, வேட்டைக்காரர் உள்ளிட்ட இருளரைப் பட்டியல் பழங்குடியினராக ஏற்று ஆணை வெளிவந்தது 2016இல். மர்த்தேன் வருமுன் இங்கிருந்தோரைக் காண, விடுதலைக்குப் பின் நமக்கு அறுபது ஆண்டுகளுக்குமேல் ஆயிற்று. காட்டுநாயக்கர், மலைக்குறவர், எருக்குலர், குருமன் ஆகியோருக்கு இங்கே அந்த ஆணை 2016இல்கூட வரவில்லை. அவர்கள் இன்னும் மனுவோடு நிற்கின்றனர்.

போப்பின் ஆணை ஒரு மக்களை இல்லையென்று ஆக்கியதற்கும், அரசிதழில் ஒரு வரி இல்லாததால் ஒரு மக்கள் இல்லாமற் போனதற்கும் வேறுபாடு உண்டு. கொடுமையின் அளவில் பெரும் வேறுபாடு உண்டு. எண்ணம் மட்டும் ஒன்றே. ஏட்டில் ஏறியவனே இருப்பவன் என்பது அந்த எண்ணம். கும்பினியார் ஷேர்கான் லோடியிடம் அனுமதி கேட்டனர், ஏனெனில் அவரிடம் முத்திரை இருந்தது. முத்திரையில்லாத இருளரிடம் எவரும் கேட்கவில்லை. பிரெஞ்சுக்காரரும் கேட்கவில்லை, நம்மவரும் கேட்கவில்லை. சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் இருளப் பெண்ணிடம் பாட்டனாரின் ஆவணம் எங்கே என்று கேட்பது அந்த வழக்கத்தின் தொடர்ச்சியே. நிலம் இருந்தவனுக்குத்தான் பட்டா இருக்கும். பள்ளிக்குப் போனவனுக்குத்தான் மாற்றுச் சான்றிதழ் இருக்கும். ஏழு கன்னிமாரைக் கல்லாக நட்டு வழிபடும் குடும்பத்திடம் அந்தக் கல்லே ஆவணம்.

இந்திய அரசு 2007இல் ஐக்கிய நாடுகள் அவையில் பூர்வகுடிகளின் உரிமைப் பிரகடனத்துக்கு ஆதரவாக வாக்களித்தது. அதே வேளையில், இந்தியர் அனைவரும் இம்மண்ணின் பூர்வகுடிகளே என்பதும் அரசின் நிலைப்பாடு. கேட்க இனிக்கும் வாதம்தான். எல்லாரும் பூர்வகுடி என்றால் வரப்பில் பொந்து தோண்டும் குடும்பத்துக்கு அந்தப் பிரகடனத்தால் தனியே கிடைப்பது என்ன என்ற கேள்விக்கு அது விடை தரவில்லை.

இருளரின் அறிவை மதிக்கத் தெரிந்தவர்கள் வேறு இடங்களில் இருக்கிறார்கள். 1972இன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தாலும் பாம்புத்தோல் வாணிகத்துக்கு வந்த தடையாலும் பிழைப்பிழந்த இருளர், 1978இல் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். பாம்பைக் கொல்லாமல் பிடித்து, நஞ்செடுத்து, மீண்டும் காட்டில் விடுகின்றனர். நாட்டில் பாம்புக்கடி மருந்து செய்யத் தேவையான நஞ்சில் பெரும்பகுதி அவர்கள் கைவழியே வந்தது. அவ்வினத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டனர். அங்குள்ள சதுப்புக்காட்டில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க அந்நாட்டு வல்லுநர் திணறிக்கொண்டிருந்தனர். இவர்கள் கடப்பாரையோடும் கண்ணோடும் நடந்து முதல் எட்டு நாளில் 13 மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தனர். 1513இல் ஸ்பானியத் தளபதியொருவர் ‘கண்டுபிடித்ததாக’ எழுதப்பட்ட அந்நிலத்தில், தமிழ்நாட்டு இருளர் இருவர் அழைப்பின்பேரில் இறங்கி, வேலை செய்து, ஊர் திரும்பினர். 2023இல் இருவருக்கும் பத்மசிறீ வழங்கப்பட்டது.

ஆகவே நாம் கோருவன சில உண்டு. அரிக்கமேட்டில் இடிந்த தூண்களின் அருகே, இது 18ஆம் நூற்றாண்டுக் குருமடம், பழைய ஊர் உங்கள் காலடியில் உள்ளது என்று எவர் கண்ணுக்கும் படுமாறு தெளிவான தமிழில் எழுதிவைக்க வேண்டும். பாடநூல்களில் ‘கண்டுபிடித்தார்’ என்னுமிடத்தில் ‘வந்தடைந்தார்’ என்று எழுதுவதற்குச் செலவொன்றும் இல்லை. புதுச்சேரிக்கு வயது சொல்ல வேண்டியவர்கள் மர்த்தேனிலிருந்து தொடங்குவதை விட வேண்டும். மனுவோடு நிற்கும் ஏனைய பழங்குடியினரின் கோரிக்கையை நடுவணரசு இனியும் கோப்பில் உறங்கவிடலாகாது. இருளருக்குச் சான்றிதழ் வழங்கும் அலுவலர், அவர்களை மேசைக்கு வரச் சொல்லாமல் அவர்கள் குடியிருப்புக்குப் போக வேண்டும்.

அறிவிக்கப்பட்டுள்ள 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், புதுச்சேரியின் பட்டியல் பழங்குடியினர் என்னும் பத்தியில் முதன்முறையாகச் சுழியம் அல்லாத ஓர் எண் எழுதப்பட இருக்கிறது. கணக்கெடுக்கப் போகும் ஆசிரியர்களே, கதவிலக்கம் உள்ள வீடுகளோடு நின்றுவிடாதீர்கள். சூளைக்குள் போங்கள், ஏரிக்கரைக்குப் போங்கள், ஓலைக் கொட்டகையின் முன் நின்று, உள்ளே எத்தனை பேர் என்று கேட்டு, அவர்கள் சொல்லும் பெயரைச் சொன்னவாறே எழுதிக்கொள்ளுங்கள்.